தமிழ்க் கிறித்தவ வழிபாட்டில் இசைப்பாடல்: ஞானப்பாட்டு முதல் நாட்டார் இசை வரை

முன்னுரை

தமிழ்ப் பக்தி இலக்கியம் பற்றிய ஆய்வுகளில் தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் பெறும் இடம் கிறித்தவத் தமிழிசைக்கு இதுவரை வாய்க்கவில்லை. வீரமாமுனிவரின் தேம்பாவணியும் கிருட்டிண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் காப்பியம் என்ற நிலையில் ஆராயப்பட்டுள்ளன. ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிறுதோறும் தமிழ் மக்கள் கூடியிருந்து பாடிவரும் பாடல்கள் சமயத்தாரின் உடைமை என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. அவற்றை இலக்கிய வரலாற்றார் யாப்புக் குறையுடையன என்றும், இசை வரலாற்றார் கச்சேரிக்கு உரியன அல்ல என்றும் கருதியமை இதற்குக் காரணமாகலாம்.

இப்பாடல்களைப் பற்றி எழுதியோர் பலரும் ஒரு பிரிவினையை அடிப்படையாகக் கொள்வர். மேனாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு அந்நியமானது, இராக தாளத்தில் அமைந்த கீர்த்தனை நம்முடையது என்பதே அப்பிரிவினை. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் வரலாற்றைக் கூர்ந்து நோக்குமிடத்து, ஒவ்வொரு காலத்திலும் வழக்கு எழுந்தது மெட்டின் பிறப்பிடம் பற்றி மட்டும் அன்று என்பது புலனாகும். வழிபாட்டில் யார் வாய் திறக்கலாம், யாரோடு சேர்ந்து பாடலாம் என்பதே அடியில் கிடந்த வினா. இவ்வினாவின் வழிநின்று 1706 முதல் இன்றைய புலம்பெயர் சூழல் வரையுள்ள வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. பாடும் உரிமை

இவ்வினா தமிழகத்தில் தோன்றியதன்று. கிறித்தவ வழிபாட்டின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே அது எழுந்துவிட்டது. கொலோசையருக்கு எழுதப்பட்ட திருமுகம், சங்கீதங்களாலும் ஞானப்பாட்டுகளாலும் ஒருவருக்கொருவர் போதிக்குமாறு சபையார் அனைவரையும் பணிக்கின்றது. ஆனால் நான்காம் நூற்றாண்டில் இலவோதிக்கேயாவில் கூடிய சங்கம், நியமிக்கப்பட்ட பாடகரன்றிப் பிறர் கோயிலில் பாடலாகாது என விதித்தது. அகுஸ்தீனார் தம் வாக்குமூல நூலின் பத்தாம் பகுதியில், பாடலின் பொருளைவிட அதன் இனிமையே தம்மை ஈர்த்துவிடுகிறதோ என்று அஞ்சுகிறார். பாட்டு தேவை என்பதும், அது கட்டுக்குள் இருத்தல் வேண்டும் என்பதும் ஆகிய இவ்விரு எண்ணங்களும் பின்னர் வந்த எல்லாக் காலங்களிலும் உடன்வந்தன.

பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தம் பாடும் உரிமையை மீண்டும் பொதுமக்களிடம் சேர்த்தது. லூத்தர் செர்மானிய மொழியில் பாடல்கள் இயற்றினார். 1524இல் முதல் லூத்தரன் பாடல் நூல்கள் அச்சாயின. சூரிச்சில் சுவிங்கிளி வழிபாட்டிலிருந்து இசையையே நீக்கினார். செனீவாவில் கல்வின் சங்கீதங்களை மட்டும் இசைக்கருவி இன்றிப் பாட அனுமதித்தார். ஆக, சீர்திருத்தச் சபைகளுக்குள்ளும் இதில் ஒருமைப்பாடு இருந்ததில்லை. தரங்கம்பாடிக்கு வந்த சீர்திருத்தச் சபை மிஷனரிமார் லூத்தரின் மரபினர் என்பது தமிழ்க் கிறித்தவ இசையின் போக்கைப் பெரிதும் முடிவு செய்தது. அவர்களைப் பொறுத்தவரை பாடாத சபை சபையே அன்று.

2. தரங்கம்பாடியும் ஞானப்பாட்டும்

1706 சூலை 9ஆம் நாள் சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அடுத்த ஆண்டிலேயே அங்குத் தமிழ் வழிபாட்டுக்கென ஒரு கோயில் எழுந்தது. அவர்களை உருவாக்கியது செர்மானியின் ஆல்லே நகரத்துப் பக்திநெறி. அந்நெறியின் இசைக் கருவூலமாகிய பிரைலிங்காசனின் பாடல் நூல் 1704இல் வெளிவந்திருந்தது. அப்பாடல்களைத் தமிழில் பெயர்த்துச் சபையாருக்கும் பள்ளிச் சிறாருக்கும் கற்பிப்பது அவர்களின் முதற்பணிகளுள் ஒன்றாயிற்று. தரங்கம்பாடி அச்சகம் நிறுவப்பட்ட சில ஆண்டுகளுக்குள் வேதாகமத்தோடு பாடல் நூலும் அச்சேறியது. அச்சுத் தமிழின் தொடக்கக் காலத்தில் பாடல் நூலுக்குக் கிடைத்த இம்முதன்மை கருதத்தக்கது.

இம்மரபு பபிரிசியசுவின் கையில் முதிர்ச்சி பெற்றது. 1740இல் இந்தியா வந்து, சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், தமிழகராதியும் வேதாகம மொழிபெயர்ப்பும் தந்தவர். அவருடைய ஞானப்பாட்டு நூல் 1774இல் வெளிவந்தது. அவர் பெயர்த்த பாடல்கள் பல இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடப்படுகின்றன.

மொழிபெயர்ப்பாளர் எதிர்கொண்ட இடர் யாப்பு சார்ந்தது. செர்மானியப் பாடலடி அசையழுத்தத்தால் இயங்குவது. அடிதோறும் அசை எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருக்கும், அடியிறுதி ஒலி ஒத்து வரும். தமிழ் யாப்போ குறில் நெடில் அளவால் இயங்குவது, எதுகையும் மோனையும் அடியின் தலைப்பகுதியில் நிற்பவை. செர்மானிய மெட்டில் பெரும்பாலும் ஓரசைக்கு ஒரு சுரம், அச்சுரங்களும் ஏறத்தாழ ஒரே நீளமுடையன. ஆதலின் அம்மெட்டில் தமிழ்ச் சொல்லை அமைக்கும்போது குறிலும் நெடிலும் ஒரே அளவாய் ஒலிக்கின்றன. ‘படு’ என்பது ‘பாடு’ போலவும் ‘விடு’ என்பது ‘வீடு’ போலவும் செவியில் விழுகின்றன. கருநாடக இசையிலும் குறில் நீள்வது உண்டு. ஆயினும் அங்கு இசையமைப்போன் தமிழறிந்தவனாயின் சொல்லை நோக்கி மெட்டை வளைக்க இடமுண்டு. ஞானப்பாட்டிலோ மெட்டு முன்னரே முடிந்த பொருள், சொல்லே வளைய வேண்டும். தமிழ்ப் புலவர் இப்பாடல்களை ஏற்கத் தயங்கியதற்கு இதுவே தலையாய காரணம்.

எனினும் அத்தயக்கம் புலவருடையது, சபையாருடையது அன்று. ஞானப்பாட்டு பாடுவோருக்கு முன்பயிற்சி எதையும் வேண்டவில்லை. மெட்டு எளியது, அசைவு சீரானது, எல்லாரும் ஒரே நேரத்தில் பாடக்கூடியது. அதுவரை எந்தக் கோயிலிலும் குரலெழுப்ப உரிமையற்றிருந்த மக்களுக்கும் அது வாய்த்தது. அந்நிய மெட்டு என்பதனாலேயே அதற்கு உள்ளூரில் சாதி அடையாளம் இல்லை. இன்ன குலத்தார் பாட்டு என்று எவரும் அதைச் சுட்ட இயலாது. இது திட்டமிட்டு நேர்ந்ததன்று என்றாலும் விளைவு பெரிது.

3. தஞ்சையும் கீர்த்தனையும்

பபிரிசியசுவின் நூல் வெளிவந்த அதே 1774ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் வேதநாயக சாஸ்திரியார் பிறந்தார். சிறுவயதிலேயே ஷ்வார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டவர். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் ஷ்வார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்தவரே. தியாகராசரும் முத்துசாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் வாழ்ந்த காலமும் நிலமும் அவை. அவர்களுக்கு முன்னரே முத்துத் தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் தமிழில் கீர்த்தனை மரபை நிலைநிறுத்தியிருந்தனர். சாஸ்திரியார் இம்மரபின் நடுவே எழுந்தவர்.

1800ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி வழியில் அமைந்தது. தலைவனைக் கண்டு காதலுறும் தலைவியின் இடத்தில் திருச்சபை நிற்கிறது. குறத்தியின் மலைவளப் பகுதிக்கு ஒத்த இடத்தில் மேனாட்டார் வழி வந்த புவியியலும் வானியலும் இடம்பெறுகின்றன. ஞானத்தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம், ஞான ஏற்றப்பாட்டு ஆகிய அவருடைய நூற்பெயர்களைத் தொகுத்து நோக்கின் ஒரு முறைமை விளங்கும். ஊரார் அறிந்த சிற்றிலக்கியம், கூத்து, தொழிற்பாட்டு ஆகியவற்றை எடுத்து, ‘ஞான’ என்னும் அடைமொழியால் அவற்றைப் புதுப்பொருளுக்கு உரியதாக்குதல் அம்முறைமை. நீரிறைப்போர் பாடும் ஏற்றப்பாட்டும் இவ்வாறு வேதப்பாட்டு ஆயிற்று.

வழிபாட்டு நோக்கில் கீர்த்தனை தந்த புதுமை அதன் அமைப்பில் உள்ளது. பல்லவி மீண்டும் மீண்டும் வருவது. ஒருவர் சரணத்தைப் பாட மற்றவர் பல்லவியால் சேர்ந்துகொள்வர். எழுத்தறியாதாரும் ஒரே கேட்பில் பல்லவியைக் கற்றுவிடலாம். ஞானப்பாட்டின் பல பத்திகளையோ மனப்பாடமாகவோ புத்தகத்தின் துணையாலோதான் பாட இயலும். எனவே எளிமை என்பது ஒரு பக்கத்துக்கே உரியதன்று. மெட்டில் எளியது ஞானப்பாட்டு, நினைவில் எளியது கீர்த்தனை. ஆனால் கீர்த்தனைக்குப் பாடித் தருபவர் ஒருவர் வேண்டும். அவர் இராகமும் தாளமும் அறிந்தவராதல் வேண்டும். அக்காலச் சமூகத்தில் அவ்விசைக் கல்வி எல்லாச் சாதியார்க்கும் எட்டியதன்று.

4. பாயும் பாட்டும்

1820களில் தஞ்சையில் எழுந்த பூசலை இப்பின்னணியில் வைத்தே பொருள் கொள்ளல் வேண்டும். ஷ்வார்ட்ஸின் காலத்துக்குப் பின் வந்த இளைய மிஷனரிமார் பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்ற முனைந்தனர். சாதிவாரியாகத் தனித்தனிப் பாயில் அமரும் வழக்கத்தையும் ஒழிக்க முற்பட்டனர். திருவிழாக்களில் பூவணியும் பழைய பாடல்களும் வேண்டா என்றனர். இவை அனைத்தையும் ஒரே கட்டாகக் கண்டு எதிர்த்தோரின் முன்னணியில் சாஸ்திரியார் நின்றார். 1829இல் அவர் எழுதிய சாதி திருத்தலின் பயித்தியம் என்னும் நூலின் பெயரே அவர் நிலையைச் சொல்லும். மிஷன் ஆதரவை இழந்த அவருக்குச் சரபோஜி மன்னரின் ஆதரவு கிட்டியது. 1833இல் ஆயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே நீங்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார்.

நம் ஆய்வுலகில் இந்நிகழ்ச்சி பாதிப்பாதியாகவே சொல்லப்படுகிறது. தமிழிசைப் பற்றாளர், அந்நிய மிஷனரிமார் தமிழ்ப்பாட்டைத் தடுத்தனர், தமிழ்க் கவிஞர் எதிர்த்து நின்றார் என்பர். சமூக வரலாற்றார், மிஷனரிமார் சாதியை ஒழிக்க முயன்றனர், வேளாளக் கவிஞர் தடுத்தார் என்பர். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை, இரண்டும் உண்மை. தமிழ்ப்பாட்டைக் காத்த வாயே தனிப்பாயையும் காத்தது. ஏற்றப்பாட்டைத் திருச்சபைக்குள் கொணர்ந்த கவிஞர், ஏற்றம் இறைத்தவரோடு ஒரே பாயில் அமர உடன்படவில்லை. அவர் புலமையைப் போற்றுவோர் இதை மறைக்கலாகாது. இதைச் சொல்வதனால் அப்புலமை குறைந்துவிடும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. அதுபோலவே, சாதியொழிப்பில் உறுதி காட்டிய மிஷனரிமார் தமிழ்ப்பாட்டையும் தமிழ்ப்பூவையும் அதே மூச்சில் ஐயுற்றதும் மறக்கத்தக்கதன்று.

5. மதுரை: 1853

இம்முடிச்சு அவிழ்ந்த விதம் வியப்புக்குரியது. 1834இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மதுரை மிஷன் சாதிப் பிரச்சினையில் மிகக் கடுமையான நிலை எடுத்தது. சபையின் பணியாளர் எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று அது 1847இல் நிபந்தனை விதித்ததனால் உபதேசியார் பலர் விலகினர். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பார் முதுமையிலிருந்த வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களைத் தேடித் தொகுத்து, 1853இல் பொதுவழிபாட்டுக்குரிய தமிழ்க் கீர்த்தனை நூலை வெளியிட்டார். சாஸ்திரியார் 1864இல் மறைந்தார்.

வீட்டுக் கூட்டங்களிலும் திருவிழாக்களிலும் சாஸ்திரியாரும் அவர் குடும்பத்தாரும் பாடி வந்தவை இதன் பின்னரே ஊர்தோறும் ஞாயிறு வழிபாட்டுக்கு உரியனவாயின. சாதியைக் காத்தவரின் பாட்டு, பந்திச் சமத்துவம் வேண்டியவரின் கையால் பரவியது. தனிப்பாயில் பிறந்த பாட்டு பொதுப்பந்திக்கு வந்தது எனலாம். ஒரு பாடலின் வாழ்வு அதை இயற்றியவரின் கொள்கையோடு நின்றுவிடுவதில்லை. பாடுவோர் மாறும்போது அதன் சமூகப் பொருளும் மாறுகிறது.

இதன்பின் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் ஒன்றையொன்று அகற்றாமல் அருகருகே நிலைத்தன. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் மேனாட்டு மெட்டுப் பாடல்கள் பாமாலை என்றும் மற்றவை கீர்த்தனை என்றும் வழங்குகின்றன. ஒரே வழிபாட்டில் இரண்டும் இடம்பெறுவது இயல்பாயிற்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை நிறுவ முயன்றதற்கும், இவ்வாறு இரு இசைகளும் ஒருங்கே ஒலித்த தமிழ்க் கிறித்தவச் சூழலுக்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து.

6. இலத்தீன் பூசைக்கு வெளியே

கத்தோலிக்க மரபில் நிலைமை வேறு. பூசையின் மொழி நெடுங்காலம் இலத்தீன். ஆதலின் தமிழ்ப்பாட்டு பூசைக்கு வெளியே தழைத்தது. தவக்காலத்தில் யாழ்ப்பாணக் கரையூர்களில் பாடப்பெறும் பசாம், பாடுகளின் ஒப்பாரி, தேவமாதாவின் அம்மானை, எஸ்தாக்கியார் நாடகம் போன்ற கூத்துகள் ஆகியவை அவ்வாறு தழைத்தவை. கோயிலின் உள்ளே குருவும் பாடற்குழுவும் பாட, வெளியே முற்றத்தில் மீனவரும் உழவரும் தம் மெட்டில் பாடினர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கோட்பாடு, மக்களின் சொந்த இசைமரபுக்கு வழிபாட்டில் உரிய இடம் தருமாறு பணித்தது. அதன்பின் முற்றத்துப் பாட்டு பீடத்தை நெருங்கிற்று. எனினும் உள்ளே முதலில் நுழைந்தது பெரும்பாலும் செவ்வியல், மெல்லிசை வடிவங்களே. ஒப்பாரியும் கூத்தும் முற்றத்திலேயே நின்றன.

7. பறையும் ஒரே உலையும்

கீர்த்தனையும் நம்முடையது என்று கூறும்போது அந்த ‘நம்’ என்பது யாரைக் குறிக்கும்? இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பியவர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரிப் பேராசிரியர் தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005). பரட்டை என்னும் புனைபெயரால் அறியப்பட்டவர். தமிழகக் கிறித்தவருள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட மக்களாயிருக்க, அவர்களுடைய இசை மட்டும் வழிபாட்டில் ஏன் இல்லை என்று அவர் கேட்டார். சாவுச் சடங்கோடும் தீண்டாமையோடும் பிணைத்து விலக்கப்பட்டிருந்த பறையையும் நாட்டார் மெட்டுகளையும் கொண்டு வழிபாட்டு முறையையே அமைத்தார். பல வீட்டு அரிசியும் ஒரு பானையில் கொதிக்கும் ‘ஒரே உலை’ என்பது அவர் இறையியலின் நடுக்கருத்து. 1847இன் பொதுப்பந்தியும் இவ்வுலையும் ஒரே வினாவுக்குத் தரப்பட்ட இரு விடைகள். முன்னது உண்ணுதலை மட்டும் பொதுவாக்கியது. பின்னது, சேர்ந்து உண்பார் யாருடைய பாட்டைப் பாடுவது என்பதையும் கேட்டது.

8. புலம்பெயர் சூழல்

இவ்வரலாறு இன்று கடல் கடந்தும் தொடர்கிறது. நான் வாழும் செர்மனியில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் கெவலார் மாதா திருத்தலத்துக்குத் தமிழர் திரள்கின்றனர். அங்கு ஒலிக்கும் தமிழ்ப்பாட்டில் சைவத் தமிழரும் சேர்ந்துகொள்வதைக் காணலாம். லூத்தரின் நாட்டிலேயே தமிழ்ச் சபையார் அந்நாட்டுப் பழைய மெட்டுகளைத் தமிழ்ச் சொல்லோடு பாடுகின்றனர். பக்கத்து இருக்கையிலுள்ள செர்மானிய முதியவர் மெட்டை அறிவார், சொல்லை அறியார். நம் பேரப்பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

தமிழ் எழுத்தறியாத இளையோருக்காகப் பாடல்கள் உரோமன் எழுத்தில் திரையில் இடப்படுகின்றன. அவ்வெழுத்தில் பெரும்பாலும் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படுவதில்லை, லகர ளகர ழகரங்களும் ஒன்றாகிவிடுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர் மெட்டினால் எதிர்கொண்ட அதே இடர் இன்று எழுத்தினால் மீண்டும் வந்துள்ளது. ஆயினும் முதியவர் ஒருவர் உடன் பாடும்போது பிள்ளைகள் திரையைப் பார்ப்பதில்லை, அவர் வாயைப் பார்க்கிறார்கள். குறிலும் நெடிலும் அங்கே சரியாக விழுகின்றன. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளை ஒரு பல்லவியையாவது பிழையின்றிப் பாடுவது, அதன் வாயில் எஞ்சியிருக்கும் தமிழில் பெரும்பங்காக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. கீர்த்தனை நூல்களில் பாடலின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். சுரக்குறிப்பு பெரும்பாலும் இராது. எந்த ஊரில் எந்த மெட்டில் பாடினர் என்பது முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளது. பசாமுக்கும் ஒப்பாரிக்கும் அச்சு நூலே அரிது. போரும் புலப்பெயர்வும் ஊர்களைக் கலைத்தபோது இம்மெட்டுகளும் பல நாடுகளுக்குச் சிதறின. ஒவ்வொரு முதியவரின் மறைவோடும் ஓர் ஊரின் மெட்டு மறைகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, ஞானப்பாட்டு, கீர்த்தனை, நாட்டார் இசை என்னும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னதை அழித்தவை அல்ல. ஒவ்வொன்றும் முன்னது விலக்கியிருந்தவருள் சிலருக்கு வாய் தந்தது, தானும் சிலரை விலக்கியது. இரண்டாவது, அந்நியம், சுதேசம் என்னும் அளவுகோல் மட்டும் கொண்டு இவ்வரலாற்றை அளத்தல் போதாது. பாயையும் பந்தியையும் சேர்த்தே பாட்டை ஆராய்தல் வேண்டும். மூன்றாவது, இப்பாடல்களின் முதன்மைச் சான்று அச்சு நூல் அன்று, பாடும் குரலே.

ஆதலின் இம்மாநாட்டில் கூடியுள்ள ஆய்வாளரும், இத்தொகுதியைப் பேணவுள்ள ஆய்வு நூலகங்களும் தத்தம் நாட்டிலுள்ள தமிழ் முதியோரின் வழிபாட்டுப் பாடல்களை, ஊர்ப்பெயரும் பாடும் சூழலும் குறித்து ஒலிப்பதிவு செய்து காத்தல் வேண்டும். ஆல்லே நகரில் தரங்கம்பாடி மிஷனரிமார் அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பேணப்படுகின்றன. ஏட்டிலுள்ள சொல்லை அயலார் காத்துத் தந்தனர். செவியிலுள்ள மெட்டைக் காக்கும் கடன் நம்முடையது.